ரீபேயில் யாரையும் நம்பாத ஒரு கோடைகாலம்

வழிகாட்டி வேலையில் பாதி, ஊரைக் காட்டுவது. மீதிப் பாதி, காட்டுகிறவளை ஆட்கள் நம்பும்வரை பொறுத்திருப்பது.

நான் சொல்லும் ஊர் ரீபே. டென்மார்க்கின் தென்மேற்கில், கடலுக்குக் கிட்ட, ஓர் ஆற்றங்கரையில் இருக்கிற மிகப் பழைய பட்டினம். நடுவில் பெரிய தேவாலயம். அதைச் சுற்றிச் சரிந்துபோன மரவீடுகள். ஆற்றோரம் ஓர் ஓவியக்கூடம். சந்துக்குச் சந்து மண்பாண்டமும் கண்ணாடியும் செய்கிறவர்களின் சின்னக் கடைகள். மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்று கால் வீங்கிய பிறகு, படித்துச் சோதனை எழுதி, அங்கே உல்லாசப் பயணத் தகவல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கவுண்டர், மத்தியானத்துக்குப் பிறகு நடைச் சுற்றுலா. டெனிஷ், ஜெர்மன், ஆங்கிலம், ஆள் வந்தால் தமிழ்.

இலங்கையில் போர் முடிந்த அந்த வருடம் தமிழ் ஆட்கள் நிறைய வந்தார்கள். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம். ரி.வி.க்கு முன்னால் இருந்து விசர் பிடிக்காமல் எங்கேயாவது போய்வருவோம் என்று வந்தவர்கள் மிச்சம். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட காலம். கவுண்டருக்குப் பின்னால் நின்று, சிரித்த முகத்தோடு பதில் சொல்லிப் பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்கும்.

கந்தசாமி குடும்பம்

எங்கள் மேசையில் வருகையாளர் புத்தகம் ஒன்று கிடக்கும். பெயர், ஊர், நாடு. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று அறிய எங்கள் பொறுப்பாளர் கியர்ஸ்டன் வைத்தது. அறுபது வயது டெனிஷ் மனுசி. சிரிப்பை முகத்தில் காட்டமாட்டார், குரலில் மட்டும் லேசாகத் தெரியும்.

பங்குனி மாதம் ஹோர்சன்ஸிலிருந்து இரண்டு வான் வண்டிகளில் பதினொரு பேர் வந்தார்கள். வழமைபோலப் புத்தகத்தை நீட்டினேன். பேனையை எடுத்த ஐயா எழுதாமல் என்னைப் பார்த்தார்.

“இது ஆருக்குப் போகும், தங்கச்சி?”

“எங்கடை பொறுப்பாளருக்கு.”

“அவ ஆருக்குக் குடுப்பா?”

“நகரசபைக்கு.”

“நகரசபை?”

அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அவர்கள் ஒரு மூலைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோலக் கவனமாக எழுதிவிட்டுப் போனார்கள். நாடு என்ற இடத்தை எல்லோரும் வெறுமையாக விட்டிருந்தார்கள். பின்னேரம் கியர்ஸ்டன் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்தக் கந்தசாமிக்குச் சொந்தக்காரர் அதிகம் போல; பதினொரு பேருக்கும் அதே பெயர், அதிலே நாலு பேர் பெண்கள்.”

காருக்குள் இருக்கும் கடிகாரம்

ரீபேக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவைக்கிறேன். ஒன்று, குதி உயர்ந்த சப்பாத்து வேண்டாம். தெருவெல்லாம் உருண்டைக் கல், அதற்குத் தெரிந்ததெல்லாம் கணுக்காலைப் பிரட்டுவதுதான். மற்றது, டென்மார்க்கில் பல இடங்களில் காரை நிறுத்தினால் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன அட்டைக் கடிகாரத்தை வந்த நேரத்துக்குத் திருப்பிவைக்க வேண்டும். மறந்தால் தண்டம்.

ஒடென்சேயிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். டென்மார்க்குக்கு வந்து இருபது வருடம். மனுசனுக்குக் கடிகாரம் பற்றித் தெரியும், ஆனால் திருப்பமாட்டார். காரைப் பூட்டிவிட்டு, மூன்றுமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். நான் பிறகும் சொன்னேன். மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு, “வீட்டு வாசலிலை பேர்ப்பலகையையும் கழட்டிப்போட்டார், தபால்காரன் தேடித் திரியிறான்” என்றார். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. என்னிடம்தான், விளக்கம் சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னார்.

“நான் எத்தினை மணிக்கு வந்தனான், எத்தினை மணிவரை வரமாட்டன் எண்டு ரோட்டாலை போறவனுக்கு ஏன் எழுதி வைப்பான்?”

பிழை தேடியவர்

சந்தேகம் எங்கள் ஆட்களுக்கு மட்டும் சொந்தமான சாமான் என்று நினைக்காதீர்கள். சித்திரை மாதக் கடைசியில் டெனிஷ்காரர் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். நான் தேவாலய வாசலில் பெயரட்டையோடு நின்றேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய், வழிகாட்டியைத் தேடினார்கள். நான்தான் என்றதும் குனிந்து என் பெயரட்டையை வாசித்தார்கள்.

அதிலே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், உயரமான மனிதர், கையில் தடித்த புத்தகம் ஒன்று வைத்திருந்தார். நான் ஒவ்வொரு வசனம் சொன்னதும் பக்கத்தைப் புரட்டுவார். தூண்கள் எந்த நாட்டுக் கல், தெற்குக் கதவின் சிங்கத் தலையை ஏன் பூனைத்தலை என்கிறார்கள், வெள்ளம் எந்தத் தூணில் எவ்வளவு உயரத்துக்கு வந்தது, பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் புதுக் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்து ஊர் எப்படி இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது என்று ஒன்றரை மணித்தியாலம் சொன்னேன். அவரும் ஒன்றரை மணித்தியாலம் புரட்டினார். எனக்கு முதுகு வியர்த்துவிட்டது. முடிவில் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, எனக்குக் கை தந்தார்.

“ஒரு பிழையும் இல்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.”

கோபுரத்துக்கு மேலே

மே மாதத்தில் அந்தக் கிழமை, கோப்பன்ஹேகனிலிருந்து ஒரு தமிழ்ச் சபையார் வருவதாக இருந்தது. மாசியிலேயே பதிவு செய்திருந்தார்கள். வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் முகத்தைப் பார்த்ததும் நான் மனப்பாடம் செய்துவைத்த கதை ஒன்றும் வாயில் வரவில்லை. தேவாலயத்துக்குள் போய் நீள மர வாங்குகளில் இருந்தார்கள். ஒருவரும் கண்ணாடி ஓவியங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் மடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது. பாதிப் பேர் அது பொய்ச்செய்தி என்றார்கள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் என்னிடம் வந்தார். செல்வமலர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அவருடைய தங்கை மூன்று பிள்ளைகளோடு வன்னியில் இருந்தார். “இந்தக் கட்டடத்துக்குள்ளை போன் எடுக்குதில்லை, தங்கச்சி. மேலை ஏறினால் எடுக்குமோ?” என்று கேட்டார். கோபுரத்தில் இருநூற்றைம்பதுக்குக் கிட்டப் படிகள். வெளியே முற்றத்தில் நின்றாலே போன் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவருக்கு எங்கேயாவது ஏற வேண்டும்போல இருந்தது. நானும் கூடவே ஏறினேன்.

நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். மேலே காற்று எங்களைத் தள்ளியது. கீழே சிவப்புக் கூரைகள், ஆறு, புல்வெளி, தூரத்தில் கடல். மற்ற நாளில் ஆட்கள் கமராவை எடுக்கிற இடம். அவர் சுவரோடு சாய்ந்து இலக்கங்களை அழுத்தினார். இணைப்பு இல்லை என்று பதிவு செய்த பெண்குரல் ஒன்று சிங்களத்தில் சொல்லி, பிறகு தமிழில் சொன்னது எனக்கும் கேட்டது. பிறகும் அழுத்தினார். ஏழு தரம் மட்டும் நான் எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை. அப்புறம் போனைக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார். இறங்கும்போது நான் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தேன். பாதி வழியில் சொன்னார்.

“எவ்வளவு உயரத்துக்கு ஏறினாலும் அதே பொம்பிளைதான் கதைக்கிறா, தங்கச்சி.”

கமராக்காரர்

ஆடி மாதத்தில் ஓர் ஆள் வரத் தொடங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் ஆட்கள் வருகிற சனிக்கிழமைகளில் சொல்லிவைத்த மாதிரி ரெயினில் வந்து இறங்குவார். கழுத்தில் நீண்ட மூக்கு வைத்த கமரா. எல்லோரும் தேவாலயத்தைப் படம் எடுக்க, அவர் தேவாலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்களைப் படம் எடுப்பார். இரண்டாம் சனிக்கிழமை எனக்கு ஹோர்சன்ஸிலிருந்து ரெலிபோன் வந்தது. “அந்த ஆளோடை கதையாதேங்கோ. லிஸ்ட் எடுக்கிறான் எண்டு கேள்வி.” யாருக்காக எடுக்கிறான் என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. இலங்கைத் தூதரகத்துக்கு என்றார் ஒருவர். மிஞ்சியிருக்கிற இயக்கக்காரருக்கு என்றார் இன்னொருவர்.

மூன்றாம் சனிக்கிழமை அவர் கவுண்டருக்கு வந்தார். ஊர் வரைபடம் ஒன்றை எடுத்து விரித்துவிட்டு, பார்க்காமலே மடித்தார். “தங்கச்சி, இந்த ஊரிலை வேறை தமிழ் ஆக்கள் இருக்கினமோ?” என்று கேட்டார். “நான் மட்டும்தான்” என்றேன்.

அது பொய். இன்னொருவன் இருந்தான். ஆற்றங்கரையில் ஒரு விடுதியின் சமையலறையில் கோப்பை கழுவினான். தேவன் என்று சொன்னான். அது அவனுடைய சொந்தப் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, முகாமை விட்டு ஓடி வந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னைத் தெருவில் கண்டபோது, “அக்கா, என்னைக் கண்டதாக ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்று கேட்டிருந்தான். ஆகவே கமராக்காரர் போனதும், அவர் ஆட்களைப் படம் எடுத்துத் திரிவதை நான் கியர்ஸ்டனிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்து வெளியே போய், கேட்காமல் ஆட்களின் முகத்தைப் படம் எடுப்பது இங்கே சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். நான் யன்னலால் பார்த்தேன். அந்த ஆள் கமராவுக்கு மூடி போட்டு, ஸ்ரேசன் பக்கம் நடந்தார். எனக்குப் பெரிய காரியம் செய்த திருப்தி. கியர்ஸ்டன் வந்து கதிரையில் இருந்தார்.

“அவர் உளவாளி என்றால் அந்த வேலைக்கு லாயக்கே இல்லை, நான் கதைத்து முடிக்கவில்லை, அழுதுவிட்டார்.”

ஐஸ்கிரீமுக்குப் பின்னால் ஒரு முகம்

அடுத்த கிழமை, சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில், அவர் கமரா இல்லாமல் வந்தார். மழை. ரீபேயில் மழை பக்கவாட்டாகப் பெய்யும். குடை கொண்டுவராதீர்கள், கோட்டுப் போடுங்கள். அவர் குடைதான் கொண்டுவந்திருந்தார், கம்பி முறிந்துபோன குடை. கவுண்டரில் ஒருவரும் இல்லை. சட்டையின் உட்பையிலிருந்து பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

யாரோ ஜெர்மன் உல்லாசப் பயணி இணையத்தில் போட்ட படம். இரண்டு பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு கதவருகே, வெற்றுப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெலிந்த ஒருவன். “இது என்ரை தம்பி” என்றார். ஒடென்சேயில் அவரோடு வேலை செய்யும் பெடியன் ஒருவன், கோடை விடுமுறைக்கு ரீபேக்குப் போகலாமா என்று இணையத்தில் படங்கள் பார்த்தபோது இதைக் காட்டினானாம். முகத்தைக் கண்டதும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய் இருந்துவிட்டாராம்.

பெயர் சிவநேசன் என்றார். தொழிற்சாலையில் வேலை. பதினைந்து வருடமாக ஒடென்சேயில் இயக்கத்தின் கூட்டங்களை முன்னுக்கு நின்று நடத்தியவர். தம்பி ஊரில் இயக்கத்தில் இருந்து, கடைசி வருடங்களில் அதைவிட்டு ஓடிவிட்டான் என்று மட்டும் கேள்விப்பட்டார். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. “அவன் என்னட்டை வரமாட்டான். வந்திருந்தால் அந்த நேரம் நான் என்ன செய்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது” என்றார். பலநாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்த வசனம்போல இருந்தது.

படத்தில் இருந்தவன் தேவன்தான். நான் படத்தைத் திருப்பிக் கொடுத்து, “எனக்குத் தெரியாது, அண்ணை. விசாரிச்சுப் பாக்கிறன்” என்றேன். இதை முதலே சொல்லியிருக்கலாமே, கமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்களைப் பயப்படுத்தாமல், என்று கேட்டேன். உறையில் இருந்த மழைத்துளியைக் கைவிரலால் துடைத்துவிட்டுச் சொன்னார்.

“நீங்கள் ஆரின்ரை ஆள் எண்டு எனக்குத் தெரியாதே, தங்கச்சி.”

இரண்டு கேள்விகள்

அன்றைக்கே விடுதியின் பின்கதவுக்குப் போனேன். தேவன் கையில் சவர்க்கார நுரையோடு கேட்டுக்கொண்டு நின்றான். “அண்ணை எண்டு அவர் சொன்னவரோ, நீங்கள் நினைச்சியளோ?” என்றான். அண்ணன் என்று சொல்லி யாரும் வரலாம், படம் யாரும் அச்சடிக்கலாம். “சின்னனிலை எனக்குக் கை முறிஞ்சது எந்த மரத்திலை எண்டு கேளுங்கோ.”

அடுத்த நாள் அண்ணர் தந்துவிட்டுப்போன இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். சிவநேசன் கொஞ்சம் யோசித்தார். “மரத்திலை இல்லை. சைக்கிளிலை. நான்தான் அவனை ஏத்திக்கொண்டு ஓடினனான்” என்றார். பிறகு அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டவன் உண்மையில் தம்பிதானா, அல்லது தம்பியிடம் கதை கறந்த வேறு ஒருவனா? அவரும் ஒரு கேள்வி தந்தார். இப்படி இரண்டு கிழமை. காலையில் உல்லாசப் பயணிகளுக்கு ஓவியக்கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் ஒரு நாயின் பெயரையோ ஒரு வாத்தியாரின் பட்டப்பெயரையோ ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். இடையில் எனக்கும் நித்திரை இல்லை. இவர்கள் இருவரில் ஒருவர் பொய் என்றால், நான் யாரை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்?

எல்லாப் பதிலும் சரியாக வந்த பிறகும் தேவன் வர மறுத்தான். அண்ணன் என்பதில் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அண்ணன் எதற்கு வந்தார் என்பதில்தான் இப்போது சந்தேகம். “நான் ஓடி வந்ததைப் பற்றி என்ன நினைக்கிறார் எண்டு கேளுங்கோ” என்றான். அதை அப்படியே ரெலிபோனில் அண்ணரிடம் கேட்டேன்.

“உயிரோடை இருக்கிறான் எண்டதுக்கு மேலை நான் ஒண்டும் நினைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

ஓவியக்கூடத்துத் தோட்டம்

சந்திக்கிற இடத்தைத் தேவன் என்னிடம் கேட்டான்: திறந்த இடமாக இருக்க வேண்டும், இரண்டு பக்கத்தாலும் வெளியே போக வழி வேண்டும். வழிகாட்டியாக நான் பெற்ற கேள்விகளில் அதுதான் விசித்திரமானது. பதிலும் என்னிடம் இருந்தது. ஓவியக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம், ஆற்றுக்கு மேலே சின்னப் பாலம், அந்தப் பக்கத்தால் ஸ்ரேசனுக்குப் போகலாம். பூக்கள் நல்லாயிருக்கும், ஆவணி மாதத்தில் போய்ப் பாருங்கள்.

சிவநேசன் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்னாலேயே வந்து வாங்கில் இருந்தார். தேவன் பாலத்துக்கு அப்பால் ஒரு மரத்தோடு நின்றான். நான் நடுவில். அரை மணித்தியாலம் அவன் அசையவில்லை. அண்ணர் அவனைக் கண்டுவிட்டார், ஆனால் எழும்பவில்லை. ஒன்றும் சொல்லாமல் கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். போன், திறப்புக்கோர்வை, ரெயின் ரிக்கட், ஒரு கைலேஞ்சி. எல்லாவற்றையும் வாங்கில் வரிசையாக வைத்துவிட்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். அதைக் கண்டபிறகுதான் தேவன் பாலத்தில் கால் வைத்தான்.

கட்டிப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தான். அண்ணர் முதல் சொன்னது அம்மாவைப் பற்றி. கடைசி மாதங்களில், பதுங்குகுழிக்குப் பக்கத்தில், ஷெல் விழுந்து. அதை நேரில் சொல்லத்தான் தேடித் திரிந்தேன் என்றார். இரண்டு கிழமை நாயின் பெயரைக்கூட நம்பாதவன் அதை மட்டும் உடனே நம்பினான். தலையை அண்ணரின் தோளில் சாய்த்தான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகும்போது அண்ணர் என்னிடம் வந்து நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன்.

“உங்களை நம்பினதாலை வந்தனான் இல்லை, தங்கச்சி, எல்லாரையும் சந்தேகப்பட்டு எனக்குக் களைச்சுப்போச்சு.”

கடைசி வாடிக்கையாளர்

தேவன் ஒடென்சேக்குப் போனான். அண்ணர் சட்டத்தரணியைப் பிடித்து விண்ணப்பத்தைத் திரும்பவும் போட வைத்தார். இரண்டு வருடத்துக்குக் கிட்ட இழுத்து, கடைசியில் வதிவிட அனுமதி கிடைத்தது. அது கிடைத்த கோடையில் அவன் தன் சொந்தப் பெயரில், யோகநேசன் என்று, நடைச் சுற்றுலாவுக்குப் பதிந்துவிட்டு வந்தான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். இருபது டெனிஷ்காரருக்கு நடுவில் முன்னுக்கு நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டான். தேவாலயம், சந்துகள், வெள்ள மட்டம் குறித்த தூண், கண்ணாடி செய்கிறவர் கடை. அவன் கோப்பை கழுவிய விடுதியையும் தாண்டிப் போனோம். முன்வாசலை அப்போதுதான் முதல்தரம் பார்க்கிறான் போல, நின்று அண்ணாந்து பார்த்தான். முடிந்தபிறகு எல்லோரும் கலைந்துபோக, அவன் மட்டும் என்னிடம் வந்தான்.

“இவ்வளவு வடிவான ஊரோ இது, அக்கா, ரெண்டு வருசமாய் நான் பாத்ததெல்லாம் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டதைத்தான்.”

ஊர் பார்க்க வருகிறவருக்கு வரைபடம், மழைக்கோட்டு, கழிவறைக்கு வழி எல்லாம் எங்கள் கவுண்டரில் கிடைக்கும். பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற பழக்கத்தை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும்.